நான்கு எழுத்துக்கு ஒன்பது ஒலி

வணக்கம். பத்தாம் வகுப்பில் ஆங்கிலச் செய்யுள் ஒன்றை எழுந்து நின்று வாசிக்கும்படி ஆசிரியர் சொன்னபோது, மரக்கிளை என்று பொருள்படும் பி-ஓ-யூ-ஜி-ஹெச் என்ற சொல்லை நான் சற்றும் தயங்காமல் ‘பஃப்’ என்று வாசித்தேன். ‘டஃப்’, ‘ரஃப்’ ஆகிய சொற்களை அதற்கு முந்தைய வாரம்தான் படித்திருந்தோம். அதே எழுத்துகள் என்றால் அதே ஒலிதானே வர வேண்டும் என்பது என் கணக்கு. சரியான உச்சரிப்பு ‘பவ்’. அன்று மாலை பேக்கரிக்கு என்னை இழுத்துச் சென்று, ஆளுக்கொரு முட்டை பஃப்ஸ் வாங்கித் தந்தால்தான் ஆயிற்று என்று நண்பர்கள் நின்றுவிட்டார்கள். அந்தச் செலவுக்குக் காரணமான ஓ-யூ-ஜி-ஹெச் என்ற நான்கு எழுத்துகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பலகையைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். சிவப்பு மையில் இருப்பவை எல்லாச் சொற்களிலும் அதே நான்கு எழுத்துகள். ‘ஆனாலும்’ என்ற பொருளில் வருவது ‘தோ’. அதற்குள் ஓர் ‘ஆர்’ நுழைந்துவிட்டால் ‘வழியாக’ என்று பொருள்படும் ‘த்ரூ’. கடினம் ‘டஃப்’, இருமல் ‘காஃப்’, கிளை ‘பவ்’, நினைத்தான் என்பதற்கு ‘தாட்’. முழுமையான என்ற பொருளுடைய சொல்லைப் பிரிட்டனில் ‘தரா’ என்றும் அமெரிக்காவில் ‘தரோ’ என்றும் சொல்கிறார்கள். விக்கல் ‘ஹிக்கப்’. அயர்லாந்தில் ஏரியைக் குறிக்கும் ‘லாக்’ என்ற சொல்லின் முடிவில் மட்டும் தொண்டையை உரசும் ஓர் ஒலி இன்னும் கேட்கிறது. ஆக ஒன்பது.

அந்த உரசல் ஒலியில்தான் விடை இருக்கிறது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு ‘எஃகு’ என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். ஆய்தம் வரும் இடத்தில் தொண்டைப் பக்கத்திலிருந்து காற்று உரசிக்கொண்டு வருவதை உணர்வீர்கள். ஏறக்குறைய அதைப் போன்ற ஒலி பழைய ஆங்கிலத்தில் இருந்தது; அதை அன்று ‘ஹெச்’ என்ற ஒற்றை எழுத்தாலேயே குறித்தார்கள். 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் காலப்போக்கில் அந்த இடத்தில் ‘ஜி-ஹெச்’ என்ற இரட்டையை எழுதத் தொடங்கினார்கள். அதாவது, இன்று நம்மைப் படுத்தும் இந்த ஜி-யும் ஹெச்-உம் ஒரு காலத்தில் வெட்டியாக நிற்கவில்லை. உண்மையான ஓர் ஒலிக்காகவே நின்றன. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் அவ்வொலி இன்றும் உயிரோடு இருக்கிறது: மகளைக் குறிக்கும் ஆங்கில ‘டாட்டர்’ அங்கே ‘டொஹ்டர்’, இரவைக் குறிக்கும் ‘நைட்’ அங்கே ‘நாஹ்ட்’.

பின்னர் இங்கிலாந்தில் அவ்வொலி தேய்ந்தது. தேய்ந்தது என்பதைவிட, ஊருக்கு ஊர் வெவ்வேறு விதமாகத் தேய்ந்தது என்பதே பொருந்தும். சில இடங்களில் அடியோடு மறைந்து முன்னிருந்த உயிரை நீட்டியது. சில இடங்களில் தொண்டையை விட்டு உதட்டுக்கு வந்து ‘ஃப்’ ஆனது. பொதுவழக்கான ஆங்கிலம் ஒரு சொல்லை இந்த வழக்கிலிருந்தும் இன்னொன்றை அந்த வழக்கிலிருந்தும் எடுத்துக்கொண்டது. ‘டஃப்’ ஒரு பக்கமும் ‘தோ’ இன்னொரு பக்கமும் போனது இப்படித்தான்.

இது நமக்குப் புதிதன்று. ‘பகுதி’ என்பது ‘பாதி’ ஆனதும், ‘மிகுதி’ என்பது ‘மீதி’ ஆனதும், ‘அகப்பை’ என்பது ‘ஆப்பை’ ஆனதும் இதே வகை மாற்றம்தான். நடுவிலிருந்த ககரம் கரைந்து, முன்னிருந்த உயிர் நீண்டுவிட்டது. ஆனால் நாம் ‘பாதி’ என்று ஒலிப்பதைப் ‘பாதி’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலேயர்களோ பாதி என்று சொல்லிக்கொண்டே பகுதி என்று எழுதுகிறார்கள். இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தபோது ஒலிகள் இன்னும் மாறிக்கொண்டிருந்தன; அச்சில் ஏறிய எழுத்துக்கூட்டலோ மெல்ல மெல்ல உறைந்துபோனது.

விதி ஏதும் இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒன்றே ஒன்று உண்டு. நான்கு எழுத்துகளுக்குப் பின்னால் ‘டி’ வந்தால், நம்பி ‘ஆட்’ என்று சொல்லலாம்: வாங்கினான் ‘பாட்’, கொண்டுவந்தான் ‘ப்ராட்’, சண்டையிட்டான் ‘ஃபாட்’, தேடினான் ‘சாட்’. வறட்சியைக் குறிக்கும் ‘ட்ரவுட்’ இதற்கு விலக்கு. துணிவுள்ள என்ற பொருளில் அரிதாக வரும் ‘டவுட்டி’ இன்னொரு விலக்கு. ‘பாட்’ எழுதும்போது உள்ளே ஓர் ‘ஆர்’ தவறி விழுந்துவிட்டால் வாங்கியவன் கொண்டுவந்தவனாகிவிடுவான். தேர்வுத்தாள்களில் அதிகம் காணும் பிழை இதுவே என்பது என் அனுபவம். ‘டி’ இல்லாத சொற்களுக்கு எனக்குத் தெரிந்து குறுக்குவழி கிடையாது, ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டியதுதான்.

விக்கலின் கதை தனி. அதில் அந்தப் பழைய உரசல் ஒலி எக்காலத்திலும் இருந்ததில்லை. விக்கும் ஓசையைக் கேட்டுப் பிறந்த சொல் அது. இருமலோடு ஏதோ உறவிருப்பதாக யாரோ கருதியதால், இருமலின் எழுத்துகளை அதன் வாலில் ஒட்டிவிட்டார்கள். இரவல் சட்டை என்பதால், ‘யூ-பி’ என்று முடியும் எளிய வடிவத்தை எழுதுவதே நல்லது என்பேன்.

திருத்த முயன்றவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1906 ஆகஸ்டில் 300 சொற்களை எளிய எழுத்துக்கூட்டலில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். ‘த்ரூ’ என்பதை டி-ஹெச்-ஆர்-யூ என்று நான்கே எழுத்தில் எழுதுவதும் அதில் அடக்கம். ஏளனமும் எதிர்ப்பும் கிளம்ப, அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் பின்வாங்க நேர்ந்தது. இருப்பினும் காரில் அமர்ந்தபடியே பர்கர் வாங்கும் ‘டிரைவ் த்ரூ’ பலகைகளில் அந்த நான்கெழுத்து இன்றும் நிற்கிறது. கலப்பையைக் குறிக்கும் ‘ப்ளவ்’ என்ற சொல்லை அமெரிக்கர்கள் பி-எல்-ஓ-டபிள்யூ என்றே எழுதுகிறார்கள்.

கடைசியாக இரண்டு ஊர்ப்பெயர்கள். லண்டனுக்கு மேற்கே உள்ள எஸ்-எல்-ஓ-யூ-ஜி-ஹெச் என்ற ஊரின் பெயர் ‘ஸ்லவ்’. அதே எழுத்துகள் பாம்பு சட்டை உரிப்பதைக் குறிக்கும்போது ‘ஸ்லஃப்’. லெஸ்டர்ஷயரில் உள்ள இன்னோர் ஊரின் பெயரில் இந்த நான்கெழுத்து இருமுறை வருகிறது. பலகையின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன், சற்று நிறுத்தி நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முதல் நான்குக்கு ‘அஃப்’, அடுத்த நான்குக்கு வெறும் ‘ஆ’: ‘லஃப்பரா’.