கைராசியையும் கேளுங்கள்

நடுவர் அவர்களே, மயிலாப்பூரில் இந்த மாலையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். 'உடல்நலம் யார் கையில் இருக்கிறது என்று நோயாளி நம்புகிறார்? அதை அளக்க வேண்டுமா, வேண்டாமா?' இதுதான் தலைப்பு. அளந்தே ஆக வேண்டும் என்பது எங்கள் அணி.

எதிரணிச் சகோதரி கேட்டார்: "நம்பிக்கை என்ன அரிசியா, படி போட்டு அளக்க?" அம்மா, ஆஸ்பத்திரியில் தினமும் அளக்கிறார்களே! "இந்தம்மா சொன்னா கேக்காது." அந்த ஒரு வரிதான் அங்கே படி.

என் அம்மாவுக்கும் அந்த வரி விழுந்தது. வியாசர்பாடியில் இருக்கிறார், பன்னிரண்டு வருடச் சர்க்கரை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டைகள், அரிசி டப்பாவுக்குப் பின்னால், ரப்பர் பேண்டு போட்டபடி, ஒன்றுகூடப் பிரிக்காமல் கிடந்தன. கால் புண் ஆறாதபோதுதான் கண்டுபிடித்தேன். "அவரு கைராசிக்காரருப்பா. இவங்க குடுக்கிறது எனக்குக் கேக்காது" என்றார்.

இந்த நம்பிக்கையை அளக்கத்தான் 1978-இல் வால்ஸ்டன் தம்பதி, டெவெல்லிஸ் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள். 18 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் மறுக்கிறேன்' முதல் 'முற்றிலும் ஏற்கிறேன்' வரை 6 படிகள். என் நலம் என் கையில், மருத்துவர் போன்ற பிறர் கையில், விதியின் கையில் என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 36 வரை மதிப்பெண். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்குவதில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். ஒரே ஆள் நடைப்பயிற்சியும் போவார், டாக்டரையும் நம்புவார், 'தலையெழுத்து' என்றும் சொல்வார். நம் வீடுகளில் யார் அப்படி இல்லை?

"இது நோயாளி மேல் பழி போடும் வேலை, எண்ணூர்க் காற்றைச் சுவாசிப்பவரிடம் உன் நலம் உன் கையில் என்பீர்களா?" என்றார்கள் எதிரணியினர். நியாயமான கோபம், எனக்கும் உண்டு. ஆனால் அந்தத் தாள் நோய் எதனால் வந்தது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. இவர் என்ன நம்புகிறார் என்று மட்டும் கேட்கிறது. அந்த எண்ணைக் காட்டி ஒருவரைத் திட்டினால், தப்பு திட்டியவர் மேல்.

சரி, கைராசி எந்தப் பிரிவு? மருத்துவரா, விதியா? இரண்டும்தான். அமெரிக்கத் தாளில் அதற்கு இடமில்லை. அதற்காகத் தாளைக் கிழிக்க வேண்டாம். கடவுள் நம்பிக்கைக்கு இடமில்லை என்று தெரிந்ததும் 1999-இல் அதற்குத் தனியாக 6 வாக்கியங்கள் சேர்த்தார்கள். நமக்கான வாக்கியங்களை வியாசர்பாடியில் உட்கார்ந்து நாம் எழுதுவோம்.

அந்த வாக்கியங்களைத் தமிழாக்கி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, யோசித்துப் பதில் சொன்னார். முடிந்ததும் கேட்டார்: "இதெல்லாம் அங்கயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே?"

தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன், நடுவர் அவர்களே.