செருப்பைக் கழற்றிப் பார்த்தார்களா?

நேயர்களுக்கு வணக்கம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதனால்தான் கிளினிக்குகளில் புதுப்புதுத் திட்டங்கள் வருகின்றன. தாதிக்குக் கூடுதல் பொறுப்பு, மருந்தாளருடன் தனி நேரம், வராதவர்களுக்குத் தொலைபேசி அழைப்பு, கால் பரிசோதனை என்று பலவும் ஒன்றாகச் சேர்ந்து வரும். அது பலன் தந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திட்டம் நடக்கும் கிளினிக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எச்பிஏ1சி (இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) 10 விழுக்காட்டைத் தாண்டியவர்களைப் பொறுக்கி எடுத்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த சோதனையில் பலருக்குக் குறைந்திருக்கும். மிக மோசமான நேரத்தில் அல்லவா அவர்களைப் பிடித்தோம்! 2017 ஜூலையில் சிலாங்கூர், ஜொகூர் மாநிலங்களில் 20 கிளினிக்குகளில் மேம்படுத்தப்பட்ட முதல்நிலைப் பராமரிப்புத் திட்டம் தொடங்கியபோது, ஒப்பிடுவதற்கென்றே வேறு 20 கிளினிக்குகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் சரி.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஒரே மருத்துவரை, ஒரே பழக்கத்தைப் பகிர்கிறவர்கள். கிளினிக்குக்கு 20 பேர், அவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் முழு ஒற்றுமை) 0.05 என்றால், 19-ஐ 0.05-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டுங்கள்: 1.95. அத்தனை மடங்கு ஆட்கள் வேண்டும். தனித்தனி ஆட்களாக 400 பேர் போதும் என்ற ஆய்வுக்கு 780 பேர் வேண்டும்.

இனி, பலர் அவசரத்தில் விட்டுவிடும் பகுதி. திட்டம் தாளில் இருக்கிறது, அறையில் நடந்ததா? பாரத்தில் கால் பரிசோதனைக்கு எதிரே எல்லாருக்கும் டிக் இருக்கும். அறை மூலையில் உட்கார்ந்து பாருங்கள்: நோயாளி செருப்பைக் கழற்றினாரா? கண்ணை மூடச் சொன்னார்களா? உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது வளையும்வரை அழுத்தினார்களா? வெளியே வரிசை நீண்டிருக்கும்போது முதலில் விட்டுப்போவது இதுதான். ஆள் பார்க்கிறார் என்றால் யாரும் ஒழுங்காகத்தான் செய்வார்கள், அதனால் முதல் சில நாள் குறிப்புகளைத் தனியே வைத்துவிடுவது நல்லது.

நோயாளியிடம் பேசுவதற்கும் முறை உண்டு. "மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா ஐயா?" என்று கேட்டால் "ஆமா" என்பார். உண்மையைச் சொன்னால் மிஸ்ஸி திட்டுவாங்களே என்ற பயம். "போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள், கிளினிக்குக்கு வெளியே, சீருடை இல்லாதவர், தமிழில். மீதி மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பாதியில் வராமல் போனவர்களையும் தேடிப் பேச வேண்டும். வந்தவர்களின் அளவை மட்டும் கூட்டினால் எந்தத் திட்டமும் அழகாகத்தான் தெரியும்.

பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் 2000-இல் தந்த வழிகாட்டி 2021-இல் புதுப்பிக்கப்பட்டது. பலன் உண்டா என்பதோடு நிற்காதீர்கள். யாருக்கு, எந்தச் சூழலில், எப்படி என்றும் கேளுங்கள் என்கிறது அது. எச்பிஏ1சி குறையவில்லை என்ற ஒரே முடிவுக்கு இரண்டு பொருள் இருக்கலாம். சரியாக நடத்தியும் குறையவில்லை என்றால் திட்டத்தையே மாற்ற வேண்டும். டிக் மட்டும் போட்டிருந்தால், மாற்ற வேண்டியது ஆள் பற்றாக்குறையையும் நேரத்தையும்.

எந்த முடிவானாலும், ஆறாவது வாரத்தில் எடுத்த அளவை வைத்துச் சொல்லாதீர்கள். எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுவது. அந்த அளவில் பழைய சிகிச்சையின் நாட்களும் கலந்திருக்கும்.