மாலை நாலரை மணிப் பசிக்கு அடுக்களை டப்பாவே போதும்

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"பள்ளி விட்டு வரும் பிள்ளையின் பசிக்குக் கைகொடுப்பது வீட்டு அடுக்களையா, கடைப் பாக்கெட்டா?" என்பது தலைப்பு. நான் அடுக்களைக்காகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் மூன்று காரணங்களை அடுக்கினார். வேலைக்குப் போகும் அம்மா அப்பாவுக்கு நேரமில்லை என்றார். வீட்டிலும் எண்ணெயில்தானே பொரிக்கிறீர்கள் என்றார். பாக்கெட்டுக்காவது தரப் பரிசோதனை உண்டு என்றார்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். அரை மணி நேரம் ஆகும் பலகாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் பேசுகிறார். அவலை மறந்துவிட்டார். நாலு பேருக்கு இரண்டு கப் கெட்டி அவல் போதும். இரண்டு முறை அலசி, வடிதட்டில் கொட்டி, உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் பிசிறி வைத்துவிட வேண்டும். பத்து நிமிடத்தில் அது தானாகவே ஊறிவிடும். பிள்ளை சீருடை மாற்றிக் கைகால் கழுவி வர அவ்வளவு நேரம் ஆகாதா நடுவர் அவர்களே? அதற்குள் இரண்டு கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு பிடி வேர்க்கடலை, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அவலைப் போட்டுக் கிளறி, சிறு தீயில் மூன்று நிமிடம் மூடி வைத்தால் அவல் உப்புமா தயார். அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் மணம் போய், கசப்பு ஏறும்.

"செய்து பார்த்தோம், களியாகிவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. குற்றம் அவல் மேல் இல்லை, அவலின் வகையைப் பார்க்காமல் ஊறவைத்ததில் இருக்கிறது. மெல்லிய அவலைத் தண்ணீரில் போடவே கூடாது. வடிதட்டில் வைத்துத் தண்ணீர் காட்டி எடுத்தால் போதும். சிவப்பரிசி அவலுக்குக் கால் மணி நேரம் தண்ணீரிலேயே ஊறல் வேண்டும். ஒரு அவலை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், தட்டில் கிடப்பது உருக்குலையாமல் இருக்க வேண்டும். அதுதான் பதம். பெரிய தீயில் மூடாமல் கிளறினால் ஈரம் வற்றி ரப்பர் போல இழுக்கும்.

வெங்காயம் நறுக்கக்கூட நேரமில்லாத நாளுக்குத் தஞ்சை வட்டாரத்து மோர்க்களி இருக்கிறது. அரிசி மாவு ஒரு கப், நன்றாகப் புளித்த மோர் மூன்று கப். மோரில் மாவையும் உப்பையும் அடுப்பில் ஏற்றும் முன்பே கரைத்துக்கொள்ள வேண்டும். சூடான மோரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு என்ன செய்தாலும் கரையாது. மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மோர்மிளகாய், பெருங்காயம் தாளித்து, கரைசலை ஊற்றி, மிதமான தீயில் விடாமல் கிளறினால் பத்து நிமிடத்துக்குள் சட்டியை விட்டுத் திரண்டு வரும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் மாவு இன்னும் வேகவில்லை, இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். மோரில் புளிப்பு இல்லாவிட்டால் களி சப்பென்று போய்விடும். அப்படிப்பட்ட மோர் இருக்கும் நாளில் இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது எண்ணெய். தோழர் சொன்னதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். தினமும் பஜ்ஜி, போண்டா போட்டால் அதைப் பாக்கெட்டைவிட மேல் என்று நானும் வாதாட மாட்டேன். ஆனால் அடுக்களை என்றால் எண்ணெய்ச் சட்டி மட்டும்தானா? மூன்றாம் நாள் புளித்த தோசை மாவு எந்த வீட்டுக் குளிர்பெட்டியில் இல்லை? அதில் இரண்டு கப் எடுத்து, வதக்கிய வெங்காயமும் கடுகும் சேர்த்துக் குழிப்பணியாரக் கல்லில் ஊற்றினால் குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய்தான் செலவு. முக்கால் குழி ஊற்றி, சிறு தீயில் மூடி, இரண்டு மூன்று நிமிடத்தில் குச்சியால் திருப்ப வேண்டும். தீ கூடினால் மேலே சிவந்துவிடும், உள்ளே மாவு மாவாகவே இருக்கும். பிள்ளைகள் "வேகல" என்று தள்ளிவைப்பது அதனால்தான்.

எண்ணெய்யே வேண்டாமா? பொட்டுக்கடலை உருண்டை செய்யுங்கள். ஒரு கப் பொட்டுக்கடலை, அரைக் கப் சர்க்கரை, இரண்டு ஏலக்காய், கால் கப் நெய். பொட்டுக்கடலையை இரண்டு நிமிடம் வெறும் சட்டியில் சூடு காட்டி, முழுக்க ஆறவிட்டு அரைக்க வேண்டும். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் மாவு அடியில் அப்பிக்கொள்ளும். சர்க்கரையையும் பொடித்து, சலித்துக் கலந்து, நெய்யை உருக்கிச் சூடாக ஊற்றிக் கைபொறுக்கும் சூட்டில் பிடித்தால் சிறு எலுமிச்சை அளவில் பன்னிரண்டு உருண்டை வரும். உதிர்ந்தால் இன்னொரு கரண்டி நெய்யைக் காய்ச்சி விடுங்கள், பால் தெளிக்காதீர்கள். பால் பட்டால் மறுநாளே கெடத் தொடங்கும். பால் படாதது காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிடித்தால் வாரம் முழுக்க மாலையில் அடுப்பே வேண்டாம். நூறு கிராம் பொட்டுக்கடலையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. அதே எடை உருளைக்கிழங்கு சிப்ஸில் ஆறேழு கிராம்தான். இரவுச் சாப்பாடு வரை எது வயிற்றில் நிற்கும் என்பதை அவையே சொல்லட்டும்.

மூன்றாவது, தரப் பரிசோதனை. தோழர் யாரை நம்பிப் பேசினாரோ, அந்த இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே 2020-இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு விதி கொண்டுவந்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து எந்தப் பக்கமும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்பது அந்த விதி. பரிசோதிக்கும் ஆணையமே பள்ளி வாசலுக்கு ஆகாது என்று சொல்லும் வகைப் பண்டத்தை, அந்த 50 மீட்டரைத் தாண்டி நாமே வாங்கி வந்து வீட்டு வரவேற்பறையில் பிரித்துக் கொடுப்பது எந்த நியாயம் நடுவர் அவர்களே? பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் உப்பின் அளவைச் சோடியம் என்று போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் கணக்கு வரும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதுவும் பெரியவர்களுக்கு. வீட்டில் உப்பு போடும் கை நம்முடையது.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் மட்டும் கொடுங்கள்.

அம்மா அப்பா இருவருமே ஆறு மணிக்குத்தான் வருவார்கள் என்றால் என்ன செய்வது என்று எதிரணித் தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. பொரி இருக்கிறது. காலையிலேயே வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் புரட்டி, ஆறவிட்டு, டப்பாவில் அடைத்து வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் நமுத்த பொரியும் அதில் மொறுமொறுப்பாகிவிடும். மாலையில் இரண்டு கப் பொரியில் ஒரு பிடி பொட்டுக்கடலை, ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை, துருவிய கேரட், உப்பு, கால் கரண்டி மிளகாய்த்தூள், ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். பத்து வயதுப் பிள்ளை அடுப்பைத் தொடாமல் தானே கலந்துகொள்ளும். கேரட்டைக் கடைசியில் போடச் சொல்லுங்கள், முதலில் போட்டால் அதன் ஈரத்தில் பொரி தொய்ந்துவிடும். வீட்டில் நாலு வயதுக்குள் தம்பி தங்கை இருந்தால் முழு வேர்க்கடலை மட்டும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். அதைப் பொடித்துத் தூவச் சொல்லிக் கொடுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.