முன் பென்டரை வீட்டு வாசல்லயே மாத்தலாம்

[திரையில்: ஆல்ட்டோ 800, இடது முன் பென்டர் நசுங்கியிருக்கு]

வணக்கம். கேட் தூண்ல உரசி பென்டர், அதாவது முன் சக்கரத்துக்கு மேல இருக்குற வெளித் தகடு, மடிஞ்சு போச்சு. சின்ன டென்ட்டா இருந்தா டிங்கர்கிட்ட விட்டுடலாம், தட்டி, பள்ளத்தை நிரப்புற பட்டி பூசித் தந்துடுவார். தகடு இப்படி மடிஞ்சு கிழிஞ்சதுக்கு அப்புறம் மாத்துறதுதான் சுத்தமான வேலை. முன் பென்டர் வெல்டிங் கிடையாது, போல்ட்லதான் நிக்குது. பின் சக்கரத்துக்கு மேல இருக்குற குவார்ட்டர் பேனல் பாடியோட ஸ்பாட் வெல்டிங் ஆனது. அதுல வீட்ல கை வைக்காதீங்க.

பானட்டைத் திறந்து ஏப்ரனைப் பாருங்க, அதாவது பென்டருக்கு உள்பக்கம் இருக்குற பாடி தகடு. அதுவும் மடிஞ்சிருந்தா புது பென்டர் உக்காராது, கடைக்குப் போறதுதான் வழி.

புது பென்டர் பிரைமரோடதான் வரும். சென்னையில புதுப்பேட்டை பக்கம் தேடினா அதே கலர்ல பழசு கிடைச்சாலும் கிடைக்கும். காசு கொடுக்குறதுக்கு முன்னாடி பிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தை ஒரு துணியில சுத்தி அது மேல ஓட்டிப் பாருங்க. பிடிப்பு விடுற இடத்துல பட்டி இருக்கு.

[திரையில்: பம்பர் கழற்றுவது]

சமதளத்துல நிறுத்தி, வீல் நட்டை லேசா தளர்த்திட்டு ஜாக்கி போடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்டும் வைங்க. பேட்டரி நெகட்டிவை எடுத்துடுங்க. சக்கரம், சக்கரத்துக்கு மேல இருக்குற பிளாஸ்டிக் லைனரோட கிளிப், பம்பரோட அந்தப் பக்கம், சைடு இண்டிகேட்டர் ஒயர், இதெல்லாம் வரிசையா வந்துடும்.

போல்ட் எல்லாம் பெரும்பாலும் பத்தாம் நம்பர் சாக்கெட்தான். பானட் ஓரத்துல வரிசையா இருக்கு. கதவைத் திறந்தா கீல் இருக்குற பாடித் தூண் பக்கம் ஒண்ணு. சக்கரத்துக்குப் பின்னாடி, கீழ, சேறு படுற இடத்துல ஒண்ணு. இந்தக் கடைசி போல்ட்தான் ஆளைக் கொல்லும். துரு பிடிச்சிருந்தா முந்தின நாள் ராத்திரியே துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு ஊறப் போடுங்க. முறுக்கி உடைச்சா அப்புறம் டிரில்தான்.

[திரையில்: கதவு ஓரத்தில் மாஸ்கிங் டேப்]

இப்ப மாட்டுறது. பெயின்ட் அடிக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை மாட்டிப் பாருங்க. டூப்ளிகேட் பென்டர்ல ஓட்டை தள்ளியிருந்தா பெயின்ட் செலவு வீணாகும். கதவோட முன் ஓரத்துல டேப் ஒட்டிட்டு, எல்லா போல்ட்டையும் கையால மட்டும் திருகி நிறுத்துங்க. ஓட்டை கொஞ்சம் பெரிசா இருக்குறதால பென்டர் அசையும். அந்த அசைவுலதான் முழு வேலையும் இருக்கு.

பென்டருக்கும் கதவுக்கும் நடுவுல கேப் எவ்வளவு விடணும்? வண்டியோட மறுபக்கத்தைப் பாருங்க, அதுதான் அளவு. அளக்குறதுக்குப் பழைய ஏடிஎம் கார்டு போதும். ஒரு கார்டு 0.76 மி.மீ. தடிமன். நல்ல பக்கத்துல அஞ்சு கார்டு அடுக்கா நுழையுதுன்னா, இங்கயும் மேலயிருந்து கீழ வரைக்கும் அதே அஞ்சு நுழையணும். முதல்ல கதவுப் பக்கம் சரி பண்ணுங்க, அப்புறம் பானட் பக்கம். கதவைத் திறக்கும்போது மெதுவா. கேப் குறைஞ்சிருந்தா கதவு ஓரம் பென்டர் பெயின்ட்டைச் சுரண்டிடும். எல்லாம் சரியானதும் மாத்தி மாத்தி இறுக்குங்க. சின்ன போல்ட், மூச்சைப் பிடிச்சு இறுக்க வேண்டாம்.

பெயின்ட்டைப் பெயின்டர்கிட்ட விடுறதுதான் என் கட்சி. கழற்றிக் கொடுத்தா உள்பக்கமும் அடிச்சுத் தருவார். வண்டியில இருக்குற தகட்டுல கலர் கோட் பாத்துச் சொல்லுங்க. வெள்ளை பரவாயில்ல. சில்வர், மெட்டாலிக்னா பக்கத்துக் கதவுக்கும் கொஞ்சம் இழுத்து அடிக்கணும், இல்லைன்னா வெயில்ல வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். கலருக்கு மேல பளபளப்புக்கு அடிக்குற, ஹார்ட்னர் கலந்த கிளியர் ஸ்ப்ரேவை வீட்ல அடிக்காதீங்க. அந்த ஹார்ட்னர்ல இருக்குற ஐசோசயனேட் புகை நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ணலாமேன்னு கேப்பீங்க. அஞ்சு வருஷம் கிளெய்ம் இல்லாம இருந்தா ஓன் டேமேஜ் பிரீமியத்துல, அதாவது நம்ம வண்டி சேதத்துக்குக் கட்டுற பங்குல, 50% வரைக்கும் போனஸ் தள்ளுபடி. ஒரு பென்டருக்காக அதை விடணுமான்னு கணக்குப் போட்டுட்டு முடிவு பண்ணுங்க.

[திரையில்: மாட்டி முடித்த பென்டர்]

கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து வீல் நட்டையும் பென்டர் போல்ட்டையும் இன்னொரு தடவை பாருங்க. பம்பர் கழற்றுறது உங்க மாடல்ல எப்படின்னு கமென்ட்ல கேளுங்க.