112-க்கு அப்புறம் மறுபடியும் 97: இந்த மாதம் முடித்த புத்தகங்களும் மட்டிப்பழ மார்க்கும்

வணக்கம் மக்களே. மாதக் கடைசி, வழக்கம்போல படித்து முடித்த புத்தகங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மட்டி. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி: இந்தச் சேனலில் நட்சத்திரம் கிடையாது, ஐந்துக்கு இத்தனை மட்டிப்பழம் என்றுதான் மார்க். 2023-இல் நம்ம கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சந்தோஷத்தில் ஆரம்பித்த பழக்கம். அரை மட்டி கொடுக்கச் சொல்லி இந்த மாதமும் ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். கிடையாது. மட்டி இருப்பதே விரல் நீளம், அதில் பாதியை வைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இல்லையென்றால் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினாலும் அதுதான் நடுவில் வந்து நிற்கும்.

தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. களியக்காவிளையில் இருந்துகொண்டு, மீரானின் ஊரான தேங்காப்பட்டணம் இத்தனை பக்கத்தில், இன்னுமா படிக்கவில்லை என்று போன வீடியோவுக்குக் கீழே வறுத்தெடுத்தீர்கள். சரி, இரவல் வேண்டாம், சொந்தமாகவே வாங்கிவிடுவோம் என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். விலை முந்நூறு ரூபாய்க்கு மேல், கொரியருக்குத் தனியாக 60 ரூபாய். புத்தகம் வந்தது, அட்டை பளபள என்று இருந்தது, ராத்திரி சோறு தின்றுவிட்டு உட்கார்ந்தேன். எழுந்திரிக்க மனசு வரவில்லை. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் ஆட்டம் இருக்கிறதே, ஊரே அவர் காலடியில் கிடக்கிறது. சுறாப்பீலி, அதாவது சுறாமீன் துடுப்பு, வியாபாரி மகமூது ஒருத்தன்தான் நிமிர்ந்து நின்று பேசுகிறான். அந்த வேகத்திலேயே 112-ஆம் பக்கம் வந்தேன். புரட்டினால் 97.

தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். இல்லை, 97-தான். 98, 99 என்று போய் மறுபடியும் 112. அதற்கு அடுத்தது 129! 113 முதல் 128 வரை காற்றோடு போய்விட்டது.

அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். பெரிய தாளில் இரண்டு புறமும் அடித்து, மடித்து, ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைப்பார்கள். அடுக்குகிற இடத்தில் ஏழாவது ஃபாரத்தை இரண்டு தடவை வைத்துவிட்டு எட்டாவதை விட்டுவிட்டார்கள். மனுசக் கை தவறும், அதில் எனக்குக் கோபமில்லை. கோபம் அதற்கப்புறம் நடந்ததில்தான்.

விற்றவர்களுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். மாற்றித் தருகிறோம், அன்பாக்சிங் வீடியோ அனுப்புங்கள் என்று பதில் வந்தது. எனக்கு! இந்தச் சேனலில் ஒருநாளும் பெட்டி பிரிக்கிற வீடியோ வந்ததில்லை, வரவும் வராது என்று உங்களுக்கே தெரியும். கத்தியை வைத்து டேப்பைக் கீறுவதைப் பத்து நிமிடம் காட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதைவிடுங்கள், பெட்டி பிரிக்கிற வீடியோவில் 113-ஆம் பக்கம் இல்லாதது எப்படித் தெரியும்? ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டியிருக்க வேண்டுமா? இதையே கேட்டு எழுதினேன். பதிலுக்கு ஒரு கும்பிடு போடுகிற படம் வந்தது. அதோடு சரி.

மீதியை 129-இலிருந்து படித்துவிட்டு மார்க் போட்டுவிடலாம் என்று அம்மை சொன்னாள். அது எப்படி முடியும்? பதினாறு பக்கத்துக்குள் யார் செத்தார், யார் கெட்டார் என்று தெரியாமல் மார்க் போடுகிறவள் நான் இல்லை.

அப்போதுதான் எல்லை தாண்டிக் கேரளாவில், பாறசாலைப் பக்கம் இருக்கிற கிரந்தசாலை, அதாவது நூலகம், நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நூலகம் என்றால் ஒரு தனி வாஞ்சை உண்டு. 1945-இல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் ஆரம்பித்ததிலிருந்து வருகிற பழக்கம் அது. அவர் இறந்த ஜூன் 19-ஐத்தான் இன்றைக்கும் கேரளாவில் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். நம்ம பக்கம் அந்தத் தேதியைக் கேட்டால் யாருக்கும் தெரியாது, எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

சாயங்காலம்தான் திறப்பார்கள் என்பதால் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துப் போனேன். உள்ளே ஒரு மூலையில் தமிழ் அலமாரி, தூசியோடு. நூலகர் சேட்டன் நல்ல மனிதர், தமிழ் நன்றாகப் பேசுகிறார், ஆனால் வாசிக்கத் தெரியாது. நீங்களே தேடிக்கொள்ளுங்கள் சேச்சி என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். மேல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒரே புத்தகம் இரண்டு இடத்தில், பைண்டு போட்டு முதுகில் பெயரே இல்லாதவை, ஜோசியம், பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்ஸ். கீழ்த் தட்டுக்கு வரும்போது கைவிட்டுவிடலாம் என்றுகூட இருந்தது. கிடைத்தது! பழைய பதிப்பு. ஆனால் பக்க எண் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. அவர்கள் எழுத்து பொடி, என் புத்தகத்தில் எழுத்து பெரிது. என் 112-இன் கடைசி வரியை விரலால் பிடித்துக்கொண்டு அந்தப் புத்தகத்தில் அதே வரியைத் தேடினேன் பாருங்கள், பரீட்சைக்குக்கூட அப்படித் தேடியதில்லை. கண்டுபிடித்து, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, 129-இன் முதல் வரியைத் தொடும்வரை வாசித்துவிட்டுத்தான் எழுந்தேன். சேட்டன் ஒரு சாயா வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸுக்குச் செலவானது புத்தக விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சரி, மார்க். நாலு மட்டி. கத்தாதீர்கள், சொல்கிறேன். முதலாளியின் கொழுப்பும் பயமும் சரிவும், ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதென்றால் ஏதோ பேய் வருகிற மாதிரி எல்லோரும் பதறுவதும், இதை இவ்வளவு பக்கத்தில் நின்று வேறு யாரும் எழுதவில்லை. தன் சொந்த ஊரை, தன் சொந்த மனிதர்களை, கொஞ்சம்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1988-இல் அதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஆனால் முதலாளி மகள் ஆயிஷாவுக்கு இன்னும் பக்கம் கொடுத்திருக்க வேண்டாமா? அப்பனின் கௌரவத்துக்கு விலை கொடுப்பது அவள்தான், அவள் மனசுக்குள் நம்மை விடுவதே இல்லை. அந்த ஒரு மட்டியை அதற்குத்தான் பிடித்து வைத்திருக்கிறேன். காணாமல் போன ஃபாரத்துக்காக இல்லை, எழுத்தாளர் என்ன பாவம் செய்தார்.

அடுத்தது புத்தம் வீடு. இல்லை, நில்லுங்கள், முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். மீரான் படித்தது மலையாளத்தில். நாவலைத் தமிழில்தான் யோசித்தார், ஆனால் மலையாள எழுத்தில் எழுதினார், இன்னொருவர் அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிக்கொடுத்தார். அதாவது அந்தக் கையெழுத்துப் படியைப் பாறசாலை சேட்டனிடம் கொடுத்திருந்தால் சத்தமாகவே வாசித்துக் காட்டியிருப்பார். அச்சான புத்தகத்தைத்தான் அவரால் தேடி எடுக்க முடியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது இதை நினைத்துச் சிரித்ததில் பக்கத்து சீட்டு அம்மச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இப்போது புத்தம் வீடு. ஹெப்சிபா ஜேசுதாசன், 1964. ஐந்து மட்டி, பேச்சே இல்லை. ஆங்கிலப் பேராசிரியை எழுதிய நாவல், ஆனால் படித்த மேட்டிமை ஒரு பக்கத்திலும் தலைகாட்டாது. பெரிய வீட்டுப் பெண் லிஸி, வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். பனையேறுகிறவரின் மகன் தங்கராஜ். இதைச் சொன்னதும் மீதிக் கதை தெரிந்துவிட்டதாக நினைக்காதீர்கள், நடுவில் ஒரு கொலை வருகிறது, அதற்குமேல் என் வாயிலிருந்து வராது.

போன மாதம் ஒரு தம்பி இந்தப் புத்தகத்துக்கு இரண்டு மட்டிதான் கொடுப்பேன், ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதியிருந்தார். தம்பி, ஒன்றுமே நடக்கவிடாமல் ஒரு பெண்ணை வீட்டுக்குள் வைத்திருப்பதுதான் கதை. சன்னல் வழியாக அவள் பார்ப்பது, யார் வந்தார் யார் போனார் என்று காது கொடுப்பது, அதுதான் அங்கே சம்பவம். என் பாட்டி விளவங்கோட்டுக்காரி. அவளும் ஐந்தாம் வகுப்போடு வீட்டுக்குள் போனவள்தான். அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சுகிற வாசனை தெரிந்தவர்கள் இந்த நாவலை இன்னொரு மாதிரி படிப்பார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சொந்த ஊர்ப் பாசத்தில் மார்க் போடுகிறேன் என்று சொல்லாதீர்கள். சொந்த ஊர் என்றால்தான் எனக்குக் கண்டிப்பு ஜாஸ்தி.

அதற்குச் சாட்சி ‘ரப்பர்’. ஜெயமோகனின் முதல் நாவல், 1990. எங்கள் வீட்டிலும் ரப்பர்தான். விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும், அதனால் அப்பா இருட்டோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போவார். நான் அந்த நாற்றத்திலேயே வளர்ந்தவள். ரப்பர் நாவல் என்றால் என்னை ஏமாற்றுவது கஷ்டம். பெருவட்டர் குடும்பம் எழுந்த கதையும் சரிந்த கதையும் அபாரம், காட்டின் இடத்தில் ஒரே ஒரு மரம் வந்து நிற்பதன் பயங்கரம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. ஆனால் தத்துவம் பேசுகிற இடங்களில் எனக்குக் கொட்டாவி வந்தது. மூன்று. ரசிகர்கள் கட்டையைத் தூக்குவதற்கு முன்னால்: நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் இருந்தது, அரை மட்டி கிடையாது என்று ஒரு சட்டம் இருக்கிறதே.

திருடன் மணியன்பிள்ளை. நிஜத் திருடன் ஒருவன் சொல்லச் சொல்ல ஜி. ஆர். இந்துகோபன் மலையாளத்தில் எழுதியது. குளச்சல் மு. யூசுப் தமிழாக்கம், அதற்கு 2018-இல் சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு. புத்தகம் தலையணை கனம், படுத்துக்கொண்டு படித்தால் மூக்கு உடையும். பூட்டு, ஓடு, நாய், எந்த நேரத்தில் மனிதர்கள் அசந்து தூங்குவார்கள், எல்லாம் உண்டு. படித்த வாரம் முழுக்க ராத்திரி எழுந்து கொல்லைக் கதவின் கொண்டியைச் சரிபார்த்தேன். நடுவில் கேஸ், கோர்ட், ஜெயில், மறுபடியும் கேஸ் என்று சுற்றும்போது கொஞ்சம் அலுக்கிறது. ஆனால் தமிழாக்கம் என்ற நினைப்பே வரவில்லை. நாலு.

கடைசியில் ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகள். இதைப் பற்றி நீளமாகப் பேசப்போவதில்லை, ஏனென்றால் தனியாக ஒரு வீடியோவே போடப்போகிறேன். திருவனந்தபுரம் சாலைத் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சுமை தூக்குகிறவர், பிச்சை எடுக்கிறவர், போக்கிரி, எல்லாரும் அவர் கதையில் ஆள்தான், யாருக்கும் பரிதாபம் காட்டி அவமானப்படுத்தவில்லை. ஐந்து மட்டி. 2015-இல் அவருக்கு சாகித்ய அகாதெமி விருது கொடுத்தார்கள், எதற்குத் தெரியுமா? ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரைத் தொகுப்புக்கு. கட்டுரை நன்றாக இருக்கலாம், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் இந்தக் கதைகளை எழுதிய மனிதருக்குக் கட்டுரைக்கா விருது? சாலைத் தெருவுக்கே கொடுத்திருக்க வேண்டியதை வேறு விலாசத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம் நீல பத்மநாபனின் தலைமுறைகள், 1968, இரணியலில் நடக்கிற நாவல். இரணியல்காரர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும், அதில் வருகிற உண்ணாமலை ஆச்சியைப் பற்றி இப்போதே கதை சொல்லி என் வாசிப்பைக் கெடுக்காதீர்கள், சொன்னால் பிளாக்தான். இந்தத் தடவை கடையில் நேராகப் போய், எல்லா ஃபாரமும் வரிசையாக இருக்கிறதா என்று பில் போடுவதற்கு முன்னால் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் முறைத்தார். முறைக்கட்டும். மழை வருகிறது, வெளியே ரப்பர் ஷீட் காயப் போட்டது அப்படியே கிடக்கிறது. அப்பா கூப்பிடுகிறார், போகிறேன் மக்களே.