பிள்ளைக்கு நம்ம ஐசி-யில (அடையாள அட்டையில) டிக்டாக் கணக்குத் திறந்து கொடுக்கலாமா?

அடுத்த கேள்வி, நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. "16 வயசுக்குக் கீழ சமூக ஊடகக் கணக்கு கூடாதுங்கிறத எங்க பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துல எல்லாருமே ஆதரிச்சோம். ஆனா என் மகனுக்கு 11 வயசு, டிக்டாக் வேணும்னு அழறான். என் ஐசி-யில திறந்து கொடுத்து, நானே பாத்துக்கிட்டா போதாதா?"

வேணாம்மா. பாத்துக்கிட்டாலும் வேணாம். காரணத்தைச் சொல்றேன்.

டிக்டாக் ஒரு கணக்குக்கு எவ்வளவு கதவைத் திறக்கணும்னு வயசை வச்சுத்தான் முடிவு பண்ணுது. 16 ஆகாதவங்களுக்குத் தனிச்செய்தி கிடையாது. 18 ஆகாதவங்க நேரலை நடத்த முடியாது, காசு கொடுத்து வாங்குற பரிசையும் அனுப்ப முடியாது. உங்க ஐசி-யில திறந்தா அந்தக் கணக்கு ஒரு பெரியவங்க கணக்கு. முன்பின் தெரியாதவன் செய்தி அனுப்பலாம், நேரலையில காசு போகலாம். அந்தப் பக்கம் இருக்கிறது 11 வயசுப் பையன்னு யாருக்கும் தெரியாது. பிள்ளைக்காக வச்ச பூட்டை நாமே கழட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

ஆதரவு இங்க மட்டும் இல்ல. ஆஸ்திரேலியாவுல இதே 16 வயசுச் சட்டம் நிறைவேறுறதுக்கு முன்னாடி, 2024 நவம்பர்ல யூகாவ் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்புல 77 விழுக்காட்டினர் ஆதரிச்சாங்க. 2025 டிசம்பர் 10-ஆம் தேதி அங்க நடைமுறைக்கு வந்துச்சு. மீறினா நிறுவனத்துக்கு 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் அபராதம். பெற்றோருக்கோ பிள்ளைக்கோ தண்டனை இல்ல. நம்ம நாட்டுல இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1-ல அமலுக்கு வந்துச்சு. 16 வயசு வரம்பை தகவல் தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் 2025 நவம்பர்லயே அறிவிச்சாரு. மைகார்டு (அதாவது ஐசி), கடப்பிதழ், மைடிஜிட்டல் ஐடி-ங்கிற மின்னடையாளம் வச்சு வயசைச் சரிபார்க்கிறதுதான் அப்போ சொன்ன திட்டம். ஐசி எண்ணோட முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி, அதனால பிள்ளையோட சொந்த எண்ணை வச்சு ஏமாத்த முடியாது. அப்போ மிச்சம் இருக்கிற பெரிய ஓட்டை, பெத்தவங்க ஐசி.

தென்கொரியாவுல இதுதான் நடந்துச்சு. 2011-ல, 16 வயசுக்குக் கீழ உள்ளவங்க நள்ளிரவுல இருந்து காலை 6 மணி வரைக்கும் இணைய விளையாட்டு ஆடக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. பிள்ளைங்க அப்பா அம்மா அடையாள எண்ணைப் போட்டு உள்ள போனாங்க. அப்புறம் சட்டம் தொடாத கைப்பேசி விளையாட்டுக்கு மாறிட்டாங்க. 2022 தொடக்கத்துல அந்தச் சட்டமே போயிடுச்சு. கூட்டத்துல கை தூக்குற ஆதரவும் வீட்டுல நடக்கிறதும் ஒண்ணா இருக்கணும், அதுக்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

சரி, காலையில பெரட்டுக்கு (தோட்டத்துல வேலைக்கு முன்னாடி ஆள் கணக்கு எடுக்கிறதுக்கு) நீங்க போயிட்டா பிள்ளை கையில கைப்பேசி இருக்குமே, என்ன செய்யிறது? கூகள் ஃபேமிலி லிங்க் போடுங்க, பிள்ளை கைப்பேசியைப் பெத்தவங்க கட்டுப்படுத்துற செயலி அது. இலவசம்தான். பெரும்பாலும் அப்பாவோட பழைய ஆண்டிராய்டுதான் பிள்ளைக்கு வரும், தப்பும் அங்கதான் நடக்குது. அப்பாவோட கூகள் கணக்கு அதுலயே கிடந்தா கட்டுப்பாடு ஒழுங்கா வேலை செய்யாது. முதல்ல செட்டிங்ஸ்ல போய் அந்தக் கணக்கை நீக்குங்க, அப்புறம் ஃபேக்டரி ரீசெட் (எல்லாத்தையும் அழிச்சுப் புதுசு மாதிரி ஆக்குறது) பண்ணுங்க. நீக்காம பட்டனை அழுத்தி ரீசெட் பண்ணினா, பழைய கணக்கோட கடவுச்சொல்லைக் கேட்டு நின்னுடும். அதுக்கப்புறம் பிள்ளைக்குன்னு புதுக் கணக்கு, சரியான பிறந்த தேதியோட.

உங்க கைப்பேசியில ஃபேமிலி லிங்க்கைத் திறந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டணும்னு வையுங்க. பூட்டின பிறகும் நீங்க கூப்பிட்டா அவன் எடுக்கலாம், பயப்பட வேணாம். புது செயலி எதுவா இருந்தாலும் உங்க அனுமதி கேட்கிற மாதிரி வையுங்க. ஒண்ணு கவனிங்க: நீங்க நேரத்தை மாத்தினா, உங்க கைப்பேசியிலயும் பிள்ளை கைப்பேசியிலயும் இணையம் இருந்தாத்தான் அது போய்ச் சேரும். செம்பனைக் காட்டுக்குள்ள இருந்து மாத்தலாம்னு நினைக்காதீங்க, முந்தின ராத்திரியே வச்சிடுங்க.

இன்னொண்ணு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஐசி-யைப் படம் எடுத்து வாட்சாப்புல அனுப்பியிருப்பீங்க. அந்தப் படம் கேலரியிலயும் இருக்கும், வாட்சாப்புலயும் இருக்கும், அழிச்சா குப்பைத்தொட்டியிலயும் கொஞ்ச நாள் இருக்கும். பிள்ளை அதை எடுத்துக் கணக்குத் திறந்துடாம, மூணு இடத்துலயும் எடுத்துடுங்க. பாட்டி கைப்பேசியிலயும் பாருங்க.