விழுந்தவர் ஒருவர், நிற்பவர்கள் இருபது பேர்

வணக்கம். நகர நடை நடத்துகிற கைடுகள் மட்டும் கூடியிருக்கிற அவை என்பதால் சுற்றி வளைக்காமல் ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்கள் நடையில் ஐந்தாவதோ ஆறாவதோ நிறுத்தத்தை மனதில் கொண்டுவாருங்கள். அங்கே இருக்கிற கட்டடத்தை யார் கட்டினார், எந்த ஆண்டில் கட்டினார், பிறகு யார் கைக்கு மாறியது, எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. சரி, அதன் கதவு எண் என்ன? தெருப் பலகையில் எழுதியிருக்கிற பெயர் என்ன, மக்கள் வாயில் புழங்குகிற பெயர் என்ன? ஆம்புலன்ஸ் எந்த முனையிலிருந்து உள்ளே வர முடியும், எந்த முனையில் கம்பி நட்டு வழியை அடைத்திருக்கிறார்கள்? இதற்கெல்லாம் உடனே பதில் வரவில்லை என்றால், அந்த இடம் உங்களுக்குப் பாதிதான் தெரியும் என்றே நான் சொல்வேன்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. இதயத்துடிப்பு நின்றுபோன ஒருவருக்கு, நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகிறது. போனில் "சிவப்புக் கட்டடங்க, எதிரே ஒரு பெரிய வளைவு இருக்கும்" என்று விளக்கிக்கொண்டிருக்கிற நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும். அதனால் குறிப்பு அட்டையில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கதைக்கு மேலே முதல் வரியாக முகவரியை எழுதுங்கள், வண்டி வந்து நிற்கக்கூடிய மிக அருகிலுள்ள இடத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பழைய நகரங்களில் நாம் ஆசையாகக் கூட்டிப்போகிற சந்துகள் எதிலும் ஆம்புலன்ஸ் நுழையாது. சந்து முனையில் ஒரு ஆள் நின்று கையசைத்துக் கூட்டிவந்தால்தான் அவர்கள் சரியான வாசலுக்கு வந்துசேர்வார்கள். மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி வழியில் எங்கே மாட்டியிருக்கிறது, ரயில் நிலையத்திலா, அருங்காட்சியக வாசலிலா, அந்த இடம் எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பதையும் அந்த அட்டையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்று நான் வலியுறுத்த வந்தது ஒன்றுதான். முதலுதவிப் புத்தகங்கள் எல்லாம் விழுந்தவரைப் பற்றி மட்டும் பேசுகின்றன. நடுத்தெருவில் நிற்கிற கைடுக்கோ ஒரே நேரத்தில் இரண்டு பொறுப்பு. விழுந்தவர் ஒருவர், அவரைச் சுற்றி இருபது பேர், அந்த இருபது பேருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகள். நீங்கள் மண்டியிட்டு ஒருவரைக் கவனிக்கிற அந்த நொடியிலிருந்து மற்றவர்களைப் பார்க்க ஆளில்லை. அவர்கள் பின்வாங்கிப் பின்வாங்கிச் சாலையில் இறங்குவார்கள், குழந்தை ஒருபக்கம் போகும், ஒருவர் வீடியோ எடுக்க ஆரம்பிப்பார். அதனால் நடை தொடங்கும்போதே ஒரு வால் ஆளை நியமித்துவிடுங்கள். உடன்வருகிற இன்னொரு கைடு இருந்தால் நல்லது, இல்லையென்றால் குழுவில் நிதானமாகத் தெரிகிற ஒருவரிடம், "நீங்கள் கடைசியாக வாருங்கள், உங்களுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது" என்று சொல்லிவையுங்கள். ஏதாவது நடந்தால் மற்றவர்களை நிழலுக்கு, சாலைக்கு எதிர்ப்பக்கம் அல்ல, இதே பக்கத்தில் இருக்கிற நிழலுக்கு, கொண்டுபோவது அவர் வேலை.

அடுத்து, வேலையைப் பகிர்ந்து கொடுப்பது. "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று கத்தினால், யாராவது கூப்பிடுவார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு நிற்பார்கள். ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பக்கத்தில் ஆட்கள் கூடக்கூட, ஒவ்வொருவரும் உதவிக்கு முன்வருவது குறைகிறது, வருகிறவர்களும் தாமதித்தே வருகிறார்கள். அதனால் விரலை நீட்டுங்கள், கண்ணைப் பாருங்கள். "நீலச்சட்டை போட்ட அண்ணா, நீங்கள் அவசர எண்ணுக்குப் போன் போடுங்கள், ஸ்பீக்கரில் போட்டு என் பக்கத்திலேயே நில்லுங்கள். அக்கா, நீங்கள் சந்து முனைக்குப் போய் வண்டிக்குக் கை காட்டுங்கள்." ஒருவருக்கு ஒரு வேலை, அதுவும் அவர் திரும்பச் சொல்லிக் காட்டிய பிறகுதான் அடுத்தவர்.

இப்போது விழுந்தவரிடம் வருவோம். மயக்கம்தான் அதிகம் பார்ப்போம். நின்று கதை கேட்டுக்கொண்டே இருந்தவர் முகம் வெளுத்துச் சரிவார். படுக்கவைத்துக் காலைச் சற்றே உயர்த்தினால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவார். கூட்டம் அவரைத் தூக்கி உட்காரவைக்கத்தான் துடிக்கும், விடாதீர்கள். ஆனால் தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் அது மயக்கம் அல்ல. இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்கச் சொல்கிறேன். இதயம் நின்ற சில நிமிடங்களுக்கு வாய் திறந்து திறந்து மூடும், குறட்டை மாதிரி, கரையில் போட்ட மீன் மாதிரி, விட்டுவிட்டு ஒரு இழுப்பு வரும். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று சுற்றியுள்ளவர்கள் சொல்வார்கள். அது மூச்சு இல்லை. அந்த இழுப்பைப் பார்த்துக் காத்திருந்துதான் பலர் உயிர் போகிறது. உடனே மார்பின் நடுவில் கை வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த ஆரம்பியுங்கள். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும், அப்போது மாற்றிக்கொள்ள இன்னொரு ஆளைப் பக்கத்திலேயே மண்டியிட்டுத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். ஏ.இ.டி. வந்ததும் திறந்து இயக்கினால் போதும், என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசிச் சொல்லும், அதிர்ச்சி தேவையில்லாதவருக்குக் கொடுக்கவும் கொடுக்காது.

சர்க்கரை குறைவது வேறு மாதிரி வரும். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று எரிந்து விழுவார், வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். குடித்திருக்கிறார் என்று குழு முடிவு கட்டிவிடும். விழுங்க முடிகிறவராக இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நான்கு டீஸ்பூனைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கூடவே இருங்கள், தேறவில்லை என்றால் திரும்பவும் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வெயில் நடையில் பயப்பட வேண்டியது குழப்பத்தைக் கண்டுதான். தலைவலி, வியர்வை, தளர்ச்சி என்றால் நிழலும் தண்ணீரும் ஓய்வும் போதும். உடல் அனலாகக் கொதிக்கிறது, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் உளறுகிறார் என்றால் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம், அது உயிராபத்து. வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வலிப்புக்குக் கைகாலைப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். பக்கவாதத்திலும் அப்படித்தான், கடிகாரம் முக்கியம். முகம் ஒருபக்கம் கோணினாலோ, கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்து ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அந்தக் கணக்கு உங்கள் வார்த்தையிலிருந்துதான் தொடங்கும்.

நடைக்கு முன் உடல்நிலையைக் கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். எல்லோர் முன்னாலும் "யாருக்காவது சர்க்கரை, இதயக்கோளாறு இருக்கா?" என்றால் ஒரு கையும் உயராது. "நான் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஏதாவது இருந்தால் முதல் நிறுத்தத்துக்குள் தனியாகச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு, நடக்கும்போது கொஞ்சம் பின்தங்கி நடங்கள். வந்து சொல்வார்கள். ஒவ்வாமைக்கு ஊசி வைத்திருப்பவர் அது எந்தப் பையில் இருக்கிறது என்று காட்டுவார். தனியாக வந்தவர்களிடம் கைபேசியில் அவசர விவரம் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஐபோனில் 2014 முதலே அந்த வசதி இருக்கிறது, பூட்டைத் திறக்காமலே பார்க்கலாம்.

ஆள் தொலைந்தால்? ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுகிறவருக்கு இது பெரிய சிக்கல் இல்லை, கடைசியாகக் கணக்கு சரியாக இருந்த இடம் தெரியும், அங்கிருந்து தேடலாம். ஆரம்பத்திலேயே "வழி தவறினால் நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள், நாங்கள் வருவோம்" என்று சொல்லி, அனுமதி கேட்டு ஒரு குழுப்படமும் எடுத்துவைத்தால், காணாமல் போன குழந்தை என்ன நிறச்சட்டை போட்டிருந்தது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

வண்டி போன பிறகு என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. கூடப் போக வேண்டியவர் நோயாளியின் துணை. கைடு குழுவை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஏறிவிடக் கூடாது. தனியாக வந்தவராக இருந்தால் மருத்துவமனைப் பெயரை வாங்கிக்கொண்டு, ஏற்பாட்டாளர்களிடமிருந்து ஒரு ஆள் அங்கே போகும்படி செய்யுங்கள். அப்புறம் குழுவிடம் வாருங்கள். விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடராதீர்கள், அவர்கள் காதில் எதுவும் ஏறாது. நடந்ததை இரண்டு வரியில் உண்மையாகச் சொல்லுங்கள், நோய் விவரம் வேண்டாம், உட்கார இடம் கொடுங்கள், தொடரலாமா முடிக்கலாமா என்று அவர்களையே கேளுங்கள். தொடர முடியாத நிலையில் நீங்கள் இருந்தால் முடித்துவிடுங்கள், பணத்தைத் திருப்பிக் கொடுப்பது ஏற்பாட்டாளர் பாடு. அன்றைக்கே, நேரம் நேரமாக, பார்த்ததை மட்டும் எழுதிவையுங்கள்.

ஏற்பாட்டாளர்களும் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கும் சொல்ல வேண்டும். முப்பது பேரை ஒற்றைக் கைடிடம் ஒப்படைத்து அனுப்பாதீர்கள். இரண்டாவது ஆளுக்குக் கொடுக்கிற சம்பளத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை. முதலுதவிப் பயிற்சிக்கும், அதைப் புதுப்பிப்பதற்கும் நீங்கள்தான் செலவு செய்ய வேண்டும், கைடின் சொந்தப் பணத்தில் அல்ல.

நெஞ்சை அழுத்துவது கேட்டு வருகிற வித்தை இல்லை, கைக்குப் பழக வேண்டும். பயிற்சிப் பொம்மைகளைப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறோம். கேள்விகளை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம், கடைசி வரிசையில் இருப்பவர்கள் முதலில் வாருங்கள்.